வார்த்தைக்கு வால் உண்டு: இந்த ‘ஈ’ யார் பக்கம்?

இதுவரைக்கும் எத்தனை ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீங்க? காலேஜ் அட்மிஷன், பேங்க் அக்கவுன்ட், எஜுகேஷன் லோன், இன்ஷூரன்ஸ், கம்பெனி ஆஃபர் லெட்டர்... கவுன்ட்டரில் இருப்பவர் பென்சிலால் டிக் அடித்துக் கொடுப்பார். நாமும் ‘இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு’ என்று வரிசையாகப் போட்டுக் கொடுத்துட்டு டீ குடிக்கக் கிளம்பிடுவோம். அந்தக் கட்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருந்ததுன்னு பார்த்தீங்களா?

நாமினி, பேயீ, லெஸ்ஸீ, ட்ரெய்னீ, மார்ட்கேஜீ. எல்லார் வாலிலும் ஒரு ‘ஈ’ உட்கார்ந்திருக்கு! ஸ்பெல்லிங்கில் டபுள் ஈ.

இந்த வாரம் அந்த ஈயைத்தான் பிடிக்கப் போகிறோம். சின்ன வால்தான். ஆனால் ஒரு காகிதத்தில் நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள், பணம் உங்களுக்கு வருமா உங்களிடமிருந்து போகுமா என்பதை அந்த வால்தான் சொல்லும்.

செய்கிறவர் ‘அர்’, செய்யப்படுகிறவர் ‘ஈ’

அடிப்படை விதி ரொம்ப சிம்பிள். வினைச்சொல்லோடு ‘அர்’ என்ற ஒலி சேர்ந்தால் (எழுத்தில் ஈ-ஆர் அல்லது ஓ-ஆர்) அந்த வேலையைச் செய்கிறவர். டபுள் ஈ சேர்ந்தால், அந்த வேலை யார் மேல் வந்து விழுகிறதோ அவர்.

எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலை கொடுக்கப்பட்டவர். ட்ரெய்னர் சொல்லித் தருபவர், ட்ரெய்னீ கற்றுக்கொள்பவர். இன்டர்வியூவர் மேஜைக்கு அந்தப் பக்கம், இன்டர்வியூவீ டை கட்டிக்கொண்டு வியர்த்தபடி இந்தப் பக்கம். எக்ஸாமினர் பேப்பர் திருத்துபவர், எக்ஸாமினீ நாம்தான், வேற யாரு?

தமிழில் நம்ம வார்த்தைகளைப் பாருங்க: முதலாளி, தொழிலாளி. இரண்டுக்கும் ஒரே ‘ஆளி’ வால். வாலை மட்டும் வைத்து யார் சம்பளம் கொடுப்பவர், யார் வாங்குபவர் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆங்கிலத்தில் வாலைப் பார்த்தாலே போதும்.

ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழி. தமிழில் ‘ஈ’ என்றால் கொடு. ஈதல், ஈகை எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். ஆங்கில ‘ஈ’ அப்படியே உல்ட்டா, பெரும்பாலும் வாங்கிக்கொள்கிற ஆள். தமிழ் ஈ கொடுக்கும், இங்கிலீஷ் ஈ வாங்கும். ஓகேவா?

உச்சரிப்பிலும் ஒரு விஷயம். இந்த வார்த்தைகளில் அழுத்தம் பொதுவாகக் கடைசி ஈயில்தான் விழும். ட்ரெய்-‘னீ’, பே-‘யீ’, நாமி-‘னீ’, ரெஃப்யு-‘ஜீ’. நாம் வழக்கமாக முதல் எழுத்தை ஓங்கிச் சொல்லிவிட்டு வாலை முழுங்கிடுவோம். குரூப் டிஸ்கஷனில் வாலையும் கொஞ்சம் கவனிங்க.

ஈ எங்கிருந்து பறந்து வந்தது?

பிரான்ஸிலிருந்து. 1066-ல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரசவையில் பிரெஞ்சு புகுந்தது, பின்னாடியே கோர்ட்டிலும் புகுந்தது. பிரெஞ்சில் ‘செய்யப்பட்ட’ என்ற பொருள் தரும் ஒரு விகுதி உண்டு. அதுதான் வக்கீல்கள் வாயில் புரண்டு டபுள் ஈயாக மாறியது. வழக்குகளை ஆங்கிலத்தில் நடத்த வேண்டும் என்று 1362-லேயே சட்டம் போட்டுப் பார்த்தார்கள். வக்கீல்கள் அசையவில்லை. கோர்ட் ஆவணங்கள் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1733-ல்.

சிரிக்காதீங்க, நம்ம ஊரிலும் இதே கதைதான். வக்கீல், ஜாமீன், ஆஜர், தாசில்தார் எல்லாமே பாரசீகம், அரபி வழியாக வந்தவை. ஆண்டவர்கள் போய் ரொம்ப நாளாச்சு, அவர்களுடைய கோர்ட் வார்த்தைகள் மட்டும் இங்கேயே தங்கிடுச்சு.

அதனால்தான் இந்த ‘ஈ’ இன்றைக்கும் சட்டக் காகிதங்களில் அதிகம் மொய்க்கிறது. அதில் நாலு இடம் உங்களுக்குத் தெரிந்தே ஆகணும்.

ஒன்று: பேயீ

ஒரு செக்கில் மூன்று பேர் இருக்கிறார்கள். எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் ட்ராயர். யாரைப் பணம் கொடுக்கச் சொல்கிறாரோ, அதாவது பேங்க், அது ட்ராயீ. பணம் யாருக்குப் போகணுமோ அவர் பேயீ. செக் மூலையில் இரண்டு கோடு கிழித்து ‘அக்கவுன்ட் பேயீ’ என்று எழுதுகிறோமே, ‘இந்தப் பணம் பேயீயின் அக்கவுன்ட்டில்தான் போய் விழ வேண்டும், கவுன்ட்டரில் ரொக்கமாகக் கொடுக்காதே’ என்று அர்த்தம்.

செக் பார்த்தே வருஷமாச்சு, எல்லாம் ஜிபே, போன்பேதான் என்கிறீர்களா? அங்கேயும் இதே கதைதான். யூபிஐ-யில் பின் நம்பர் போடுகிறவர் எப்போதுமே பேயர், பணம் கொடுப்பவர். பேயீ பின் போட வேண்டிய வேலையே இல்லை. ‘உங்களுக்குப் பணம் அனுப்புறேன், ஒரு ரிக்வெஸ்ட் வரும், பின் போடுங்க’ என்று யாராவது போனில் சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: நான் பேயீ என்றால் எனக்கு எதுக்குப் பின்? இந்த ஒரு வாலைப் புரிந்துகொண்டாலே நிறைய பேருடைய ஹாஸ்டல் ஃபீஸ் பத்திரமாக இருக்கும்.

இரண்டு: நாமினி

இந்த வார்த்தை தமிழாகவே ஆகிவிட்டது. பாட்டிகூட ‘நாமினி யாருன்னு போட்டே?’ என்று கேட்பார். நாமினேட் செய்யப்பட்டவர் நாமினி. ஆனால் எதற்காக நியமிக்கப்பட்டவர்?

பலரும் நினைப்பது, நாமினி என்றால் அந்தப் பணம் அவருக்கே சொந்தம் என்று. அது அவ்வளவு நேராக இல்லை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டும்தான், சொத்துரிமை வாரிசுகளுக்கே என்று லைஃப் இன்ஷூரன்ஸ் வழக்கு ஒன்றில் 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2015-ல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தினார்கள். பாலிசி எடுத்தவர் தன் அப்பா அம்மா, மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் இவர்களை நாமினியாகப் போட்டிருந்தால் பணத்தின் பலனும் அவர்களுக்கே என்று மாறியது. ஆனால் கம்பெனி ஷேர் விஷயத்தில், நாமினி ஆனதாலேயே ஒருவர் முழு உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று 2023-லும் சுப்ரீம் கோர்ட் உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

வீட்டில் யாராவது திடீரென்று போய்விட்டால், அந்த துக்கத்தோடு துக்கமாக அண்ணன் தம்பிக்குள் சண்டை ஆரம்பிப்பது இந்த ஒரு வார்த்தையில்தான். ‘என் பேர்தானே இருக்கு!’ என்பார் ஒருவர். பேர் இருப்பது வாங்குவதற்கு, வைத்துக்கொள்வதற்கு அல்ல. இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்க, எந்த அக்கவுன்ட்டில் யார் நாமினி என்று. கல்யாணத்துக்கு முன்னாடி போட்ட நாமினியை மாற்றாமலே இருபது வருஷம் ஓட்டியவர்கள் நிறைய பேர்.

மூன்று: மார்ட்கேஜீ

இதுதான் பெரிய பொறி. முதலில் உச்சரிப்பு: நடுவில் உள்ள ‘டி’ சைலன்ட், ‘மார்கேஜ்’ என்றுதான் சொல்லணும். நம்ம ஊரில் டி-யையும் சேர்த்தே எழுதிப் பழகிவிட்டோம், இருக்கட்டும்.

அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்கில் அடமானம் வைத்து உங்கள் படிப்புக்கு லோன் வாங்குகிறார். இதில் மார்ட்கேஜீ யார்? வாங்கினவர்தானே ஈ? அப்பாதானே கடன் வாங்கினார்? அப்போ அப்பாதான்... என்று சொன்னீங்கன்னா, அவுட்!

வினை என்னவென்று பாருங்க. இங்கே வினை கடன் வாங்குவது அல்ல, அடமானம் வைப்பது. அடமானம் வைப்பவர் அப்பா, அதனால் அவர் மார்ட்கேஜார். அடமானத்தைப் பெற்றுக்கொள்வது பேங்க், அதனால் பேங்க்தான் மார்ட்கேஜீ. கடனில் கை நீட்டியவர் அப்பா, அடமானத்தில் கை நீட்டியது பேங்க். ஒரே காகிதம்தான், ஆனால் வினை மாறினால் ஈயும் பக்கம் மாறி உட்கார்ந்துவிடும்.

அதனால் ஈயைப் பார்த்ததும் ‘ஐயோ பாவம், இவர்தான் பலவீனமான பார்ட்டி’ என்று முடிவு கட்டாதீங்க. பணத்தைத் திருப்பிக் கட்டாவிட்டால் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும் அதிகாரம் அந்த ஈயிடம்தான் இருக்கு. எஜுகேஷன் லோன் பேப்பரில் அப்பா போடும் கையெழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று படித்துப் பார்த்து அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். வீட்டில் முதலில் இங்கிலீஷ் மீடியம் படித்தவரும், முதலில் காலேஜ் போனவரும் நீங்களாகவே இருக்கலாம் இல்லையா?

நான்கு: லெஸ்ஸீ

காலேஜ் பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கிறீங்க. வீட்டுக்காரர் லெஸ்ஸார், குடியிருப்பவர் லெஸ்ஸீ. ஆனால் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டது ஒரே ஒருத்தன் என்றால், காகிதப்படி லெஸ்ஸீயும் அவன் ஒருத்தன்தான். மற்ற மூணு பேரும் செமஸ்டர் லீவில் ஊருக்குப் போய் வாடகை அனுப்பாமல் இருந்தாலும், சுவரில் ஆணி அடித்து ஓட்டை போட்டாலும், வீட்டுக்காரர் தேடி வருவது அவனைத்தான். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதும்போது நாலு பெயரையும் எழுதுங்க மச்சி, நட்புக்கும் அதுதான் நல்லது.

ஈ இல்லாத ஒரு கையெழுத்து

இந்த வரிசையில் ஒரு வார்த்தை மட்டும் ஏமாற்றும்: கேரன்ட்டி. வாலில் டபுள் ஈ இருக்கு. ஆனால் வழக்கில் அது பெரும்பாலும் ஆள் அல்ல, வாக்குறுதி. ஆளின் பெயர் கேரன்ட்டார். 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் அவரை ஷூரிட்டி என்கிறது. நம்ம ஊரில் ‘ஜாமீன் கையெழுத்து’.

‘மச்சான், பைக் லோனுக்கு ஒரு கையெழுத்துதான், சும்மா ஃபார்மாலிட்டி’ என்று நண்பன் கேட்பான். வாலைப் பாருங்க: ஓ-ஆர். அதாவது செய்கிறவர். நீங்கள் எதையும் வாங்கவில்லை, கொடுக்கிறீர்கள். எதை? ‘அவன் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன்’ என்ற வாக்கை. சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ ஷூரிட்டிக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவனை முழுக்கத் துரத்திவிட்டுத்தான் உங்களிடம் வரணும் என்றுகூட பேங்குக்குக் கட்டாயம் இல்லை. பைக்கில் அவன் போவான், போன் உங்களுக்கு வரும். கையெழுத்துப் போடக்கூடாது என்று சொல்லவில்லை. எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து போடுங்க.

அடங்காத ஈக்கள்

இனி கொஞ்சம் ரிலாக்ஸ். விதி என்றால் விதிவிலக்கு இருக்கணுமே! சில ஈக்கள் மேல் யாரும் எதுவும் செய்யவில்லை, தானே செய்துகொள்கின்றன. ஆப்சென்ட்டீ: கிளாஸை கட் அடித்தவர். எஸ்கேப்பீ: தப்பி ஓடியவர். ரிட்டையரீ: ஓய்வு பெற்றவர். அட்டெண்டீ: செமினாருக்கு வந்தவர். விதிப்படி ‘அட்டெண்டர்’ என்றுதானே வரணும் என்று எழுதிடாதீங்க, நம்ம ஊர் ஆபீஸில் அட்டெண்டர் என்பது ஃபைல் தூக்கிக்கொண்டு போகும் அண்ணன்.

ஸ்டாண்டீ என்றால் உட்கார சீட் இல்லாமல் நின்றுகொண்டே போகும் பயணி. நம்ம டவுன் பஸ்ஸில் பாதிப் பேர் ஸ்டாண்டீதான். ஃபுட்போர்டு பார்ட்டிக்கு ஆங்கிலத்தில் இன்னும் ஈ கிடைக்கவில்லை!

ரெஃப்ரீ? தகராறு யாரிடம் ரெஃபர் செய்யப்படுகிறதோ அவர். பழைய கால்பந்தில் அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் இருந்தார்கள். அவர்களுக்குள் ஒத்துவராதபோது மட்டும் கோட்டுக்கு வெளியே நின்ற ரெஃப்ரீயிடம் போவார்கள். 1891-ல்தான் அவர் மைதானத்துக்குள் வந்தார். உங்கள் பயோடேட்டாவின் கடைசியில் பெயர் கொடுக்கிறீர்களே, அந்தப் பேராசிரியரும் ரெஃப்ரீதான்.

கமிட்டி? வேலை யாரிடம் கமிட் செய்யப்பட்டதோ, அதாவது ஒப்படைக்கப்பட்டதோ, அவர். முதலில் இது ஒரே ஒரு ஆளைத்தான் குறித்தது, அப்புறம்தான் கூட்டமாக ஆனது. அழுத்தமும் கடைசியில் இல்லாமல் நடு ‘மிட்’டில் விழும். ஸ்பெல்லிங்கில் எம், டி, ஈ மூன்றுமே டபுள். (கமிட் ஆனவங்க எல்லாரும் கமிட்டி இல்லை, அது வேற டிபார்ட்மென்ட்!)

போலி ஈக்களும் உண்டு. காஃபி, டாஃபி, ரூபாயின் ஆங்கில வடிவமான ருப்பீ, சிம்பன்ஸீ, பெடிக்ரீ எல்லாம் பார்க்க நம்ம குடும்பம் மாதிரியே இருக்கும். உறவே கிடையாது. காஃபி அரபியிலிருந்து கிளம்பி வந்தது, சிம்பன்ஸீ மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து. பெடிக்ரீ என்பது பழைய பிரெஞ்சில் ‘கொக்கின் கால்’. வம்ச வரைபடத்தில் கிளை பிரியும் கோடு கொக்குக் கால் மாதிரி இருந்ததாம்.

தப்பாக எழுதக்கூடாத இரண்டு

இன்டர்ன்ஷிப் போகிறவர் இன்டர்ன். ‘இன்டர்னீ’ என்று ரெஸ்யூமில் எழுதாதீங்க. ஆங்கில அகராதியில் அதற்கு முதல் அர்த்தம், விசாரணை இல்லாமல் காவலில் அடைக்கப்பட்டவர். 1942-லிருந்து அமெரிக்கா சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்ததே, அவர்கள்தான் இன்டர்னீ. டிட்டெய்னீ, டிப்போர்ட்டீ எல்லாம் இதே வரிசை. இந்த ஈக்களிடம் யாரும் விருப்பம் கேட்பதில்லை.

ரெஃப்யூஜீ கொஞ்சம் வேறு. 1685-ல் பிரான்ஸ் மன்னர் 14-ம் லூயி மத உரிமையைப் பறித்தபோது, ஹ்யூகனாட் என்ற புராட்டஸ்டன்ட் மக்கள் இங்கிலாந்துக்கு ஓடினார்கள். அவர்களோடு சேர்ந்து வந்தது இந்த வார்த்தை. மூல அர்த்தம், அடைக்கலம் தேடியவர். நாம் சொல்லும் ‘அகதி’ என்பதற்கோ கதியற்றவர் என்று பொருள். ஒன்றில் தேடும் மனிதர் இருக்கிறார், மற்றதில் இல்லாமை மட்டும்தான் இருக்கிறது. 1983 முதல் இலங்கையிலிருந்து வந்து இங்கே முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் உங்கள் கிளாஸிலேயே இருக்கலாம். 2021-ல் தமிழக அரசு அந்த முகாம்களுக்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. பெயரால் மட்டும் எல்லாம் மாறிவிடாதுதான். ஆனால் வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சுமப்பவரிடம் கேளுங்க, அது எவ்வளவு கனம் என்று.

கடைசியாக, கேம்பஸ் செலக்‌ஷன். ஆஃபர் லெட்டரில் ‘ட்ரெய்னீ’ என்று இருந்தால் சந்தோஷத்தில் குதிக்கும் முன் ஒரு கேள்வி: கம்பெனியின் சாதாரண வேலைக்காரராகச் சேர்த்து டிரெய்னிங் கொடுக்கிறார்களா, இல்லை 1961-ம் ஆண்டு அப்ரன்ட்டிஸ் சட்டப்படி எடுக்கிறார்களா? அந்தச் சட்டப்படி அப்ரன்ட்டிஸ் என்பவர் ட்ரெய்னீ, தொழிலாளி அல்ல. கிடைப்பது ஸ்டைபண்ட், சம்பளம் அல்ல. அதுவும் நல்ல ஆரம்பம்தான். ஆனால் எம்ப்ளாயீ ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஊரில் கடன் வாங்கக்கூடாது.

மூளைக்கு வேலை

1. பாட்டி உங்கள் பெயருக்கு நிலத்தைத் தானமாக எழுதுகிறார். டோனீ யார்?
2. அம்மா நகையை அடகு வைக்கிறார். பானீ யார், அம்மாவா அடகுக் கடைக்காரரா?
3. நண்பனுக்கு லெட்டர் போடுகிறீர்கள். அட்ரஸ்ஸீ யார்?
4. கேரன்ட்டார் கையெழுத்தில் நீங்கள் வாங்குபவரா, கொடுப்பவரா?

விடைகள்: 1. நீங்கள்தான். 2. கடைக்காரர், மார்ட்கேஜ் கதையேதான். 3. நண்பன். 4. கொடுப்பவர். நாலும் சரி என்றால் கேன்டீனில் ஒரு காஃபி, போலி ஈதான் என்றாலும் பரவாயில்லை!

அடுத்த தடவை ஒரு ஃபாரம் கைக்கு வந்தால் பேனாவைத் திறக்கும் முன் இரண்டே கேள்வி. இதில் வினை என்ன? அதில் நான் ‘அர்’ஆ, ‘ஈ’யா? விடை தெரியலையா, கவுன்ட்டரில் கேளுங்க. பின்னால் வரிசை நீளமாக இருந்தாலும் கேளுங்க, கையெழுத்து உங்களுடையது.

அடுத்த வாரம் ‘க்ரஸி’ என்று முடியும் குடும்பம்: டெமாக்ரஸியிலிருந்து பியூராக்ரஸி வரை. வரட்டா?